வாராந்திர ஃப்ளூ அறிக்கையைப் படிப்பது எப்படி: ஓ.பி. வரிசையிலிருந்து உலக வரைபடம் வரை

தீபாவளியை ஒட்டிய அடைமழை நாளில் சென்னையில் ஏதாவது ஒரு கிளினிக்கில் போய் உட்கார்ந்து பாருங்கள். நாற்காலியில் இருப்பவர்களில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருப்பார்கள். டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்ப்பார். "வைரல் ஃபீவர்தான், மூணு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லி பாராசிட்டமாலும் இருமல் மருந்தும் எழுதித் தருவார். மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுக்கும் வேலையெல்லாம் கிடையாது. வந்தது இன்ஃப்ளூயன்சாவா வேறு வைரஸா என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, அரசாங்கத்துக்கும் தெரியாது.

அப்புறம் எப்படி "இந்த வாரம் ஃப்ளூ கூடியிருக்கிறது" என்று செய்தி வருகிறது?

ஃப்ளூ வந்த எல்லாரையும் எந்த நாடும் எண்ணுவதில்லை, எண்ணவும் முடியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கதைதான். ஆனால் பொது சுகாதாரத் துறைகள் ஒரே ஒரு சோற்றை நம்புவதில்லை. பானையின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என்று எடுத்துப் பார்க்கின்றன. அந்தச் சோறுகளை எங்கிருந்து எடுக்கிறார்கள், ஒவ்வொன்றும் எப்படி ஏமாற்றும் என்று தெரிந்துகொண்டால் எந்த நாட்டின் அறிக்கையையும் படித்துவிடலாம். இந்த வழிகாட்டியில் பெரும்பாலும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வெளியிடும் ‘ஃப்ளூவியூ’ அறிக்கையை வைத்துத்தான் விளக்குகிறேன். எல்லாச் சோற்றையும் ஒரே பக்கத்தில், வாராவாரம், பொதுவில் பரப்பி வைப்பது அது. நம் ஊர் நிலவரத்துக்குப் பின்னால் வருகிறேன்.

தொடங்கும் முன்: வார எண்

ஃப்ளூ அறிக்கைகளில் தேதியைவிட வார எண்தான் முக்கியம். அமெரிக்காவில் ஃப்ளூ பருவம் 40வது வாரத்தில், அதாவது கிட்டத்தட்ட அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பித்து அடுத்த ஆண்டின் 39வது வாரத்தில் முடிகிறது. அவர்களுடைய வாரம் ஞாயிறு தொடங்கி சனி வரை. உலக சுகாதார நிறுவனத்தின் வாரம் திங்கள் தொடங்கி ஞாயிறு வரை. இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது ஒரு நாள் தள்ளாட்டம் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஃப்ளூவியூ வெள்ளிக்கிழமை வெளியாகும். அதில் இருப்பது அதற்கு முந்தைய சனிக்கிழமையோடு முடிந்த வாரத்தின் கணக்கு. அதாவது நீங்கள் படிக்கும் மிகப் புதிய செய்தியே ஆறு நாள் பழசு. இது குறையில்லை. எங்கோ தொலைவில் இருக்கும் மருத்துவமனை ஒன்று தன் கணக்கை முடித்து அனுப்ப அவ்வளவு நேரம் வேண்டும்.

படி 1: எதை ‘ஃப்ளூ மாதிரி’ என்று எண்ணுவது?

பரிசோதனை இல்லாமல் எண்ண வேண்டுமென்றால் எல்லா ஊர் டாக்டரும் ஒரே அளவுகோலைப் பிடிக்க வேண்டும். அந்த அளவுகோலின் பெயர் ஐ.எல்.ஐ. இன்ஃப்ளூயன்சா போன்ற நோய் என்று பொருள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை இது: 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் அளந்து பார்த்த காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கி பத்து நாளுக்குள். ‘அளந்து பார்த்த’ என்பதைக் கவனியுங்கள். "ராத்திரி உடம்பு அனலாக் கொதிச்சுது" என்பது இதில் சேராது. இதே நோயாளியை மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் அது ‘சாரி’ என்ற இன்னொரு பட்டியலுக்குப் போகும். கடுமையான சுவாசத் தொற்று என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. மன்னிப்புக் கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பட்டியலில் மட்டும் காய்ச்சல் இருந்ததாக நோயாளி சொன்னாலே போதும்.

சி.டி.சி. கொஞ்சம் தளர்வாக வைத்திருக்கிறது: 100 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல், கூடவே இருமலோ தொண்டை வலியோ. முன்பு இதோடு "இன்ஃப்ளூயன்சா தவிர வேறு காரணம் தெரியாத நிலையில்" என்று ஒரு வால் இருந்தது. 2021-22 பருவத்திலிருந்து அந்த வாலை வெட்டிவிட்டார்கள். கோவிட் வந்த பிறகு யாருக்கு எது என்று டாக்டரே பிரித்துச் சொல்வது பொருளில்லாமல் போய்விட்டது. அதனால் இன்றைக்கு ஐ.எல்.ஐ. கோடு ஏறினால் அது ஃப்ளூவாகவும் இருக்கலாம், கோவிடாகவும் இருக்கலாம், குழந்தைகளைப் படுத்தும் ஆர்.எஸ்.வி.யாகவும் இருக்கலாம். 2019க்கு முந்தைய கோட்டையும் இன்றைய கோட்டையும் ஒட்டிவைத்து "பார்த்தீர்களா, எவ்வளவு கூடிவிட்டது" என்று சொல்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

படி 2: காவல் மையங்கள்

ஊரில் இருக்கும் எல்லா டாக்டரையும் கணக்கு அனுப்பச் சொன்னால் யாரும் ஒழுங்காக அனுப்ப மாட்டார்கள். அதனால் சில கிளினிக்குகளையும் மருத்துவமனைகளையும் மட்டும் தேர்ந்தெடுத்து, வாராவாரம் தவறாமல் அனுப்ப வைக்கிறார்கள். இவைதான் காவல் மையங்கள். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களின் கூட்டமைப்பு ஒன்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வேலையைச் செய்துவருகிறது. அமெரிக்காவின் ‘ஐ.எல்.ஐ.நெட்’ வலையில் 3,000க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன.

அவர்கள் அனுப்புவது இரண்டே எண்கள்தான். அந்த வாரம் மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் ஐ.எல்.ஐ. (வயதுவாரியாக)? நோயாளியின் பெயர் கிடையாது, பரிசோதனையும் கிடையாது. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: ஒரு கிளினிக்குக்கு அந்த வாரம் 400 பேர் வந்தார்கள், அவர்களில் 20 பேருக்குக் காய்ச்சலும் இருமலும். 5 சதவீதம். இதுபோல எல்லாக் கிளினிக்கின் கணக்கையும் சேர்த்து, மாநில மக்கள்தொகைக்கு ஏற்ப எடை கொடுத்து, நாட்டுக்கு ஒரு சதவீதம் போடுகிறார்கள்.

சரி, 5 சதவீதம் என்பது நிறையவா, குறைவா? அதற்குத்தான் அடிக்கோடு. ஃப்ளூ ஓடாத வாரங்களில் வழக்கமாக எத்தனை சதவீதம் இருமிக்கொண்டு வருகிறார்கள் என்று சராசரி எடுத்து, அதோடு இரண்டு திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) கூட்டுகிறார்கள். 2024-25 பருவத்தில் அமெரிக்க தேசிய அடிக்கோடு 3.0 சதவீதம். அந்தக் குளிர்காலத்தில், பிப்ரவரி தொடக்கத்தில், கோடு 7.8 சதவீதம் வரை ஏறியது. அடிக்கோட்டைத் தாண்டாமல் ஏறி இறங்கும் சின்னச் சின்ன மேடுகளுக்குப் பதற வேண்டாம்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. டிசம்பர் கடைசி வாரத்தில் கோடு சட்டென்று துள்ளும். எல்லாருக்கும் ஃப்ளூ வந்துவிட்டதாக அர்த்தமில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் சர்க்கரை செக்கப்புக்கும் முட்டிவலிக்கும் யாரும் கிளினிக்குக்குப் போவதில்லை. காய்ச்சலில் துவள்பவர்கள் மட்டும் போகிறார்கள். பகுதி, அதாவது வகுக்கும் எண், கொஞ்சம் சுருங்கினால் போதும், சதவீதம் தானாக ஏறும். நம் கிளினிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே 20 காய்ச்சல்காரர்கள், ஆனால் மொத்தம் வந்தவர்கள் 250 பேர்தான் என்றால் 5 சதவீதம் 8 ஆகிவிடும். ஒரு இருமல்கூட கூடவில்லை. பொங்கல் வாரத்து ஓ.பி.யிலும் இதே கதைதான் நடக்கும். அதனால் விடுமுறை முடிந்து இரண்டு வாரம் கழித்து வரும் எண்ணைத்தான் நான் நம்புவேன்.

படி 3: குச்சி, குழாய், பி.சி.ஆர்.

இதுவரை பார்த்தது அறிகுறி. இனி வைரஸ்.

காவல் மையத்துக்கு வரும் ஐ.எல்.ஐ. நோயாளிகளில் சிலரிடம் மூக்கின் பின்பகுதி வரை குச்சி விட்டு மாதிரி எடுக்கிறார்கள். குச்சி செயற்கை இழையில் இருக்க வேண்டும். மரக்காம்பு வைத்த பஞ்சுக்குச்சி என்றால் அதிலிருக்கும் வேதிப்பொருள் பி.சி.ஆர். வினையைக் கெடுத்துவிடும். எடுத்த குச்சியை வி.டி.எம். என்கிற திரவக் குழாயில் முறித்துப் போட்டு, ஐஸ் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து மூன்று நாளுக்குள் ஆய்வகத்துக்குச் சேர்க்க வேண்டும். தாமதமானால் மைனஸ் 70 டிகிரி உறைபெட்டி தேவை. மின்வெட்டும் வெயிலும் உள்ள ஊர்களில் இந்த ஒரு கட்டத்தில்தான் நிறைய மாதிரிகள் வீணாகின்றன.

ஆய்வகத்தில் பி.சி.ஆர். முதலில் இது ஏ வகையா, பி வகையா என்று பார்க்கும். ஏ என்றால் எச்1 உட்பிரிவா, எச்3 உட்பிரிவா என்று பிரிக்கும். இதே ஓட்டத்தில் மனித மரபணு ஒன்றையும் தேடுவார்கள். எனக்குப் பிடித்த நுணுக்கம் இதுதான். குச்சி ஒழுங்காக மூக்குக்குள் போயிருந்தால் அதில் மனிதச் செல்கள் ஒட்டியிருக்க வேண்டும் அல்லவா? மனித மரபணுவே கிடைக்கவில்லை என்றால் அந்த மாதிரிக்கு ‘நெகட்டிவ்’ என்று எழுத மாட்டார்கள். மாதிரியே சரியில்லை என்று திருப்பிவிடுவார்கள்.

இதிலிருந்து வரும் எண்தான் பாசிட்டிவிட்டி, அதாவது சோதித்த நூறில் எத்தனை பாசிட்டிவ் என்பது. இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் "யாரைச் சோதித்தார்கள்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சுமார் 300 மருத்துவமனை ஆய்வகங்களும் சுமார் 100 பொது சுகாதார ஆய்வகங்களும் முடிவுகளை அனுப்புகின்றன. மருத்துவமனை ஆய்வகம் வந்தவரையெல்லாம் சோதிக்கும். பொது சுகாதார ஆய்வகத்துக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே பாசிட்டிவ் என்று தெரிந்த மாதிரிகள், என்ன உட்பிரிவு என்று பார்ப்பதற்காக வந்து சேரும். இரண்டையும் கூட்டிச் சதவீதம் போட்டால் அபத்தமாகிவிடும். 2015-16 பருவத்திலிருந்து இவற்றைத் தனித்தனியாகத்தான் காட்டுகிறார்கள்: பாசிட்டிவிட்டிக்கு முதல் பட்டியல், எந்த வகை ஓடுகிறது என்பதற்கு இரண்டாவது பட்டியல்.

பாசிட்டிவிட்டி எவ்வளவு பயன் என்பதற்கு 2020-21 ஒன்றே போதும். செப்டம்பர் கடைசியிலிருந்து மே வரை அமெரிக்க மருத்துவமனை ஆய்வகங்கள் 8,18,939 மாதிரிகளைச் சோதித்தன. பாசிட்டிவ் வந்தது 1,675 மட்டுமே. வெறும் 0.2 சதவீதம். "கோவிட் கூச்சலில் ஃப்ளூவை யாரும் சோதிக்கவில்லை, அதனால்தான் காணோம்" என்று அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றியதற்கு இந்த எட்டு லட்சம்தான் பதில். ஃப்ளூ நிஜமாகவே படுத்துவிட்டது. பி வகையின் யமகாட்டா என்ற கிளை அந்தக் காலத்தில் காணாமல் போனது; 2020 மார்ச்சுக்குப் பிறகு அது இயற்கையில் பரவியதாக உறுதியான ஆதாரம் இல்லை. நான்கு வைரஸ்களுக்கான நான்கு கூறு தடுப்பூசி மறுபடியும் மூன்று கூறு ஆனதற்குக் காரணம் அதுவே.

படி 4: வைரஸின் ஜாதகம்

பாசிட்டிவ் மாதிரிகளில் ஒரு பகுதியின் மரபணு வரிசையை முழுதாகப் படிக்கிறார்கள். அது எந்தக் கிளை, தடுப்பூசியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, மருந்துக்கு மசிகிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். மருந்து விஷயம் வெறும் சடங்கு இல்லை. 2008-09இல் சுற்றிய பருவகால எச்1என்1 கிட்டத்தட்ட முழுவதுமே ஒசெல்டாமிவிருக்கு, அதாவது டாமிஃப்ளூவுக்கு அடங்காததாக மாறியிருந்தது.

ஒவ்வொரு வைரஸுக்கும் பெயர் வைக்கும் முறை உண்டு. ‘ஏ/தாய்லாந்து/8/2022’ என்றால் வகை ஏ, தாய்லாந்தில் எடுத்தது, ஆய்வக வரிசை எண் 8, ஆண்டு 2022. மனிதரிடமிருந்து எடுக்காவிட்டால் நடுவில் வாத்து, பன்றி என்று உயிரினத்தின் பெயரும் சேரும். 2024-25 தடுப்பூசியின் எச்3என்2 கூறாக இருந்தது இந்தத் தாய்லாந்து வைரஸ்தான்.

இந்த ஜாதகங்களெல்லாம் போய்ச் சேரும் இடம் உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்பு. 1952இல் தொடங்கியது, இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகளில் தேசிய இன்ஃப்ளூயன்சா மையங்கள் இருக்கின்றன. இந்தியாவுக்கு புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம், இலங்கைக்குக் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். இவர்கள் தேர்ந்தெடுத்த மாதிரிகளை அட்லாண்டா, லண்டன், மெல்போர்ன், டோக்கியோ, பெய்ஜிங் ஆகிய ஊர்களில் உள்ள ஒத்துழைப்பு மையங்களுக்கு அனுப்புகிறார்கள். நிபுணர்கள் பிப்ரவரியில் கூடி வட அரைக்கோளத் தடுப்பூசியையும், செப்டம்பரில் கூடித் தென் அரைக்கோளத் தடுப்பூசியையும் முடிவுசெய்கிறார்கள். முடிவுக்கும் ஊசிக்கும் இடையே ஆறு மாதமாவது உற்பத்திக்குப் போய்விடும். அந்த ஆறு மாதம் வைரஸ் சும்மா இருக்காது. 2025 பிப்ரவரியில் தேர்வு முடிந்த பிறகு எச்3என்2வில் ‘கே’ என்ற துணைக்கிளை தலையெடுத்துப் பரவியது அப்படித்தான்.

கண்காணிப்பின் உண்மையான பலனைப் பார்க்க 2009 ஏப்ரலுக்குப் போக வேண்டும். கலிபோர்னியாவில் சான் டியேகோ பகுதியில் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு மார்ச் 30 அன்று காய்ச்சல், இருமல், வாந்தி. சாதாரணமாக அவனுக்கு யாரும் குச்சி விட்டிருக்க மாட்டார்கள். புதிய பரிசோதனைக் கருவி ஒன்றைச் சோதிக்கும் ஆய்வில் அந்தக் கிளினிக் இருந்ததால் மாதிரி எடுத்தார்கள். ஏ வகை என்று வந்தது. ஆனால் மனிதரிடம் சுற்றும் எச்1 இல்லை, எச்3யும் இல்லை. இப்படி எதிலும் அடங்காத மாதிரியை ஆய்வகங்கள் ஒதுக்கித் தள்ளக்கூடாது, மேலே அனுப்ப வேண்டும் என்பது விதி. அது ஏப்ரல் 15 அன்று சி.டி.சி.யில் பன்றி வழி வந்த புதிய எச்1என்1 என்று உறுதியானது. இரண்டு நாள் கழித்து பக்கத்து இம்பீரியல் மாவட்டத்தில் ஒன்பது வயதுச் சிறுமியின் மாதிரியிலும் அதே வைரஸ். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒருவரையொருவர் தெரியாது, சமீபத்தில் பன்றிகளோடு தொடர்பு இருந்ததாக இருவருமே சொல்லவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்ற சந்தேகம் அங்கேதான் பிறந்தது. ஜூன் 11 அன்று உலகப் பெருந்தொற்று என்று அறிவிப்பு வந்தது. பையனும் சிறுமியும் குணமாகிவிட்டார்கள்.

ஓரத்தில் கிடக்கும் ‘உட்பிரிவு அறிய முடியாதவை’ என்ற வரியை நான் தவறாமல் பார்ப்பது இதனால்தான்.

படி 5: வார்டும் இறப்புச் சான்றிதழும்

ஓ.பி. கணக்கு எவ்வளவு பேர் இருமுகிறார்கள் என்று சொல்லும். எவ்வளவு கடுமை என்று தெரிய வார்டுக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் ‘ஃப்ளூசர்வ்-நெட்’ என்ற வலை மக்கள்தொகையில் சுமார் 9 சதவீதத்தினர் வாழும் பகுதிகளை எடுத்துக்கொண்டு, அங்கே பரிசோதனையில் உறுதியாகி அனுமதிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் பதிவுசெய்கிறது. பகுதியின் மக்கள்தொகை தெரியும் என்பதால் லட்சத்துக்கு இத்தனை என்று சொல்ல முடிகிறது. 2024-25இல் அது லட்சத்துக்குச் சுமார் 127 வரை போனது. 2010-11க்குப் பிறகு அதுவே அதிகம். இதை வயதுவாரியாகத்தான் படிக்க வேண்டும். எச்3என்2 ஓடும் ஆண்டுகளில் 65 வயதுக்கு மேற்பட்டோரின் கோடு மற்ற எல்லாவற்றையும் விட்டுத் தனியாக மேலே நிற்கும்.

இறப்புக் கணக்கு கடைசியில் வரும். நோய் வந்து, முற்றி, உயிர் பிரிந்து, சான்றிதழ் எழுதி, அதைக் குறியீடாக்கிப் பதிவேற்ற வாரங்கள் ஆகும். அதனால் ஓ.பி. கோடு இறங்க ஆரம்பித்த பிறகும் இறப்புக் கோடு ஏறிக்கொண்டிருக்கும். அது முரண்பாடில்லை. இன்னொன்று: கடைசி இரண்டு மூன்று வாரங்களின் இறப்பு எண் எப்போதுமே குறைவாகத் தெரியும். சான்றிதழ்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். கோட்டின் வால் தொங்குவதைப் பார்த்து ஃப்ளூ முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

குழந்தைகளின் இறப்பு மட்டும் தனி. 2003-04 பருவத்தில் 153 குழந்தைகள் இறந்த அதிர்ச்சிக்குப் பிறகு, 2004இல், பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் ஒவ்வொரு ஃப்ளூ இறப்பையும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். மதிப்பீடாக இல்லாமல் ஒவ்வொன்றாக எண்ணப்படும் எண் இது. ஃப்ளூ படுத்திருந்த 2020-21இல் அது 1. 2024-25இல் குறைந்தது 280.

மற்றபடி "இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் பேர் ஃப்ளூவால் இறந்தார்கள்" என்று வருவதெல்லாம் கணித மாதிரி வழியாகப் போட்ட மதிப்பீடு. 2017-18 பருவத்துக்கு முதலில் 79,000 என்றார்கள், பிறகு 61,000 ஆக்கினார்கள், இப்போது பட்டியலில் 52,000 என்று நிற்கிறது. தகவல் சேரச் சேரத் திருத்துவது நேர்மையான வேலைதான். ஆனால் பழைய செய்தியின் 79,000ஐ இன்னும் சிலர் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

படி 6: மணியை எப்போது அடிப்பது?

இதில் ஜப்பானின் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். காவல் மையம் ஒன்றுக்கு வாரத்துக்குச் சராசரியாக எத்தனை ஃப்ளூ நோயாளிகள் என்று ஒரே ஒரு எண். 1ஐத் தாண்டினால் பருவம் தொடங்கிவிட்டது. ஒரு வட்டாரத்தில் 10ஐத் தாண்டினால் கவன அறிவிப்பு. 30ஐத் தாண்டினால் எச்சரிக்கை. பள்ளிக்கூட வாத்தியார் முதல் டாக்சி ஓட்டுநர் வரை யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஐரோப்பாவில் காவல் மைய மாதிரிகளில் பாசிட்டிவிட்டி 10 சதவீதத்தைத் தாண்டினால் பருவம் தொடங்கியதாக எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கா மாநிலங்களுக்குப் பச்சை முதல் ஊதா வரை பதின்மூன்று படிகளில் நிறம் பூசுகிறது. பார்க்க அழகு. ஆனால் அந்த நிறம் ஐ.எல்.ஐ. சதவீதத்தை வைத்துப் பூசியது, வைரஸை வைத்து அல்ல என்பதை மறந்துவிட வாய்ப்பு அதிகம்.

இந்தியாவின் எண்களைப் படிக்கும்போது

இங்கே 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் அறிகுறியை வைத்து நிரப்புவது எஸ் படிவம், டாக்டர் சந்தேக நோயைக் குறிப்பது பி படிவம், ஆய்வகம் உறுதிசெய்தது எல் படிவம். முன்பு தாளில் போன இவை இப்போது ஐ.எச்.ஐ.பி. என்ற இணையத் தளத்தில் ஏறுகின்றன. கண்காணிப்பின் தத்துவம் முழுவதும் அந்த மூன்று எழுத்துகளில் அடங்கிவிடுகிறது: அறிகுறி, சந்தேகம், உறுதி.

ஆனால் பத்திரிகையில் வருவது பெரும்பாலும் எல் படிவத்தின் எண் மட்டும்தான். அது எப்படித் திரிகிறது பாருங்கள். எச்1என்1 சிகிச்சை வழிகாட்டி நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சல் ஏ, அதிகக் காய்ச்சலோ இணைநோயோ இருந்தால் பி. இவர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் இறங்குவது என்று மோசமான சி பிரிவுக்குத்தான் பரிசோதனை. மருத்துவ ரீதியாக இது சரியான விதி. முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, கிட்டையும் வீணாக்கக் கூடாது. கணக்கு மட்டும் கோணிப்போகிறது. 2015இல் இந்தியாவில் பதிவான எச்1என்1 நோயாளிகள் 42,592, இறப்புகள் 2,990. வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 7 பேர் இறந்ததாக வரும். அமெரிக்காவின் 2017-18 மதிப்பீட்டில் நோயாளிகள் சுமார் 4.1 கோடி, இறப்பு 52,000. ஆயிரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல். இந்திய வைரஸ் ஐம்பது மடங்கு கொடியது என்று அர்த்தமா? இல்லை. அங்கே படுத்து எழுந்தவர்களையும் மதிப்பிட்டுப் பகுதியில் சேர்த்தார்கள், இங்கே ஐ.சி.யூ. வாசல் வரை வந்தவர்கள் மட்டுமே பகுதியில் இருந்தார்கள். "பன்றிக் காய்ச்சலின் இறப்பு விகிதம் 7 சதவீதம்" என்ற தலைப்பை எங்கே பார்த்தாலும் நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

இறப்புச் சான்றிதழ் வழியும் இங்கே அடைபட்டிருக்கிறது. நாட்டில் பதிவாகும் இறப்புகளில் டாக்டர் காரணம் எழுதிச் சான்றளிப்பது நான்கில் ஒன்றுக்கும் குறைவு.

பருவமும் ஒன்றில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நடத்தும் ஆய்வக வலையின் தகவல்படி ஸ்ரீநகரில் ஃப்ளூ உச்சம் ஜனவரி-மார்ச் குளிரில். டெல்லி, புனே, கொல்கத்தா பக்கம் தென்மேற்குப் பருவமழையோடு. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர்-நவம்பரில். "நாடு முழுவதும் ஃப்ளூ குறைகிறது" என்று ஆகஸ்ட் கடைசியில் ஒரு செய்தி வந்தால் நம் ஊருக்கு அது பொருந்தாது. நமக்கு ஆட்டமே இனிமேல்தான்.

குறுக்கு வழிகள்

2008இல் கூகுள் ஒரு யோசனையோடு வந்தது. மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்தாலே ஃப்ளூவைக் கணித்துவிடலாம், சி.டி.சி.யைவிட இரண்டு வாரம் முன்னதாக! 2009இல் வசந்த கால அலையைக் குறைத்துச் சொன்னது. 2012-13இல் நிஜத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. டி.வி.யில் ஃப்ளூ செய்தி ஓடினால் ஆரோக்கியமானவர்களும் தேடுவார்கள் அல்லவா? 2015இல் கடையை மூடிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2006 முதல் பொதுமக்களே வாராவாரம் "இருமலா? காய்ச்சலா?" என்ற சின்னக் கேள்விகளுக்குப் பதில் அனுப்பும் ‘ஃப்ளூடிராக்கிங்’ அடக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கழிவுநீரில் ஏ வகை வைரஸைத் தேடுவது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அது யாரும் கிளினிக்குக்குப் போகாமலே தகவல் தரும். ஆனால் வைரஸ் மனிதருடையதா, பால் பண்ணையிலிருந்து கலந்ததா என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. மாடுகளில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் பரவிய பிறகு இது நிஜமான சிக்கல்.

வெள்ளி இரவு: இருபது நிமிட வேலை

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் வார எண், பிறகு விடுமுறை ஏதாவது குறுக்கிட்டதா என்று நாட்காட்டி. அடுத்து மருத்துவமனை ஆய்வகங்களின் பாசிட்டிவிட்டி, ஐ.எல்.ஐ. அல்ல. பாசிட்டிவிட்டி இரண்டு வாரம் தொடர்ந்து ஏறி, ஐ.எல்.ஐ.யும் அடிக்கோட்டைத் தாண்டினால் அது ஃப்ளூ. ஐ.எல்.ஐ. ஏறி பாசிட்டிவிட்டி அசையாமல் கிடந்தால் வேறு வைரஸ் ஏதோ சுற்றுகிறது. அப்புறம் எந்த உட்பிரிவு என்று பார்ப்பேன். எச்3என்2 என்றால் முதியோர் அனுமதிக் கோட்டுக்குத் தாவுவேன். போன வாரம் எழுதிவைத்த எண்ணை இன்று மறுபடி பார்ப்பதும் முக்கியம். பெரும்பாலும் அது கொஞ்சம் மாறியிருக்கும். தாமதமாக வந்த கணக்குகள் சேர்ந்திருக்கும். அந்த மாற்றம் எவ்வளவு என்று சில வாரம் குறித்துவைத்தால், புதிய எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கே பிடிபடும். இறப்புப் பக்கத்தைக் கடைசியில், மூன்று வாரத்துக்கு முந்தைய புள்ளி வரை மட்டும் படிப்பேன்.

உலக நிலவரத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஃப்ளூநெட்’ தளம். அதில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் வாரத்துக்கு எத்தனை மாதிரி சோதித்தார்கள் என்ற எண்ணும் சேர்ந்தே வரும். பாசிட்டிவ் எண்ணுக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

சென்னைக்காரர்கள் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடலாம். வீட்டில் பெரியவர்களுக்கு ஊசி போடுவதாக இருந்தால் மருந்துக் கடையில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எந்த ஆண்டு, வட அரைக்கோளமா தென் அரைக்கோளமா என்று அச்சடித்திருக்கும். கூடவே அதிலுள்ள வைரஸ்களின் பெயரும் ஊர், எண், ஆண்டு என்று சாய்கோடு போட்டு இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு, அந்த வாரத்து அறிக்கையில் எது சுற்றுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.